சைட் வேலையை விட்டுவிட்டு எம்.இ. படிக்கலாமா?

கேள்வி: பி.இ. சிவில் முடித்து நான்கு ஆண்டுகளாக, அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் நிறுவனம் ஒன்றில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். கட்டுமான மேலாண்மையில் எம்.இ. படித்தால் புராஜெக்ட் மேனேஜர் ஆகிவிடலாம் என்கிறார்கள். இரண்டு வருடச் சம்பளத்தை விட்டுவிட்டுப் படிப்பது சரியா? பிஎம்பி என்ற புராஜெக்ட் மேலாண்மைச் சான்றிதழே போதுமா? அமெரிக்கா போவது பற்றியும் யோசிக்கிறேன்.

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எம்.இ. முடித்த கையோடு யாரும் உங்களைப் புராஜெக்ட் மேனேஜர் நாற்காலியில் உட்கார வைக்கப் போவதில்லை. படித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பிளானிங் இன்ஜினியர், காண்ட்ராக்ட்ஸ் இன்ஜினியர், குவாண்டிட்டி சர்வேயர் (வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவர்) வேலைகள். மேனேஜர் பதவி அதற்குப் பிறகு, அனுபவத்தைப் பார்த்துத்தான். ஆகவே அந்த மேசை வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பதை முதலில் பாருங்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மூன்றாவது மாடி ஸ்லாபுக்கான எலெக்ட்ரிகல் டிராயிங், கிளையன்ட்டிடமிருந்து 20 நாள் தாமதமாக வருகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? சென்ட்ரிங் ஆட்களை அடுத்த பிளாக்குக்கு அனுப்பிவிட்டு, டிராயிங் வந்ததும் ராத்திரி பகலாக ஆள் போட்டு காங்கிரீட்டை முடித்துவிடுவீர்கள். பிளானிங் மேசையில் இருப்பவருக்குக் கவலை வேறு. அந்த ஸ்லாப் வேலைக்கு 12 நாள் ஃப்ளோட், அதாவது கட்டடம் முடியும் தேதி தள்ளாமல் தாமதிக்கக்கூடிய அவகாசம், இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 20 நாள் தாமதத்தால் கட்டடம் முடியும் தேதி தள்ளிப்போவது 8 நாள்தான். கால நீட்டிப்பு கேட்டால் அந்த எட்டு நாளுக்குத்தான் கேட்டு நிற்க முடியும். தடங்கலை, அதற்கென்றே இருக்கும் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டரில் அன்றைக்கே எழுதி, கிளையன்ட் தரப்பில் கையெழுத்து வாங்கினார்களா? ஒப்பந்தம் ஃபிடிக் சிவப்புப் புத்தகம் என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தத்தின் 1999 பதிப்புப்படி என்றால், விஷயம் தெரிந்த 28 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். தவறவிட்டால் நீட்டிப்பும் கிடையாது, கூடுதல் பணமும் கிடையாது. ராத்திரி வேலைக்கு ஆன கூடுதல் கூலி யார் கணக்கில்? தகராறு முற்றினால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் நஷ்டஈடு பற்றிய 73, 74ஆம் பிரிவுகள் வரை போக வேண்டியிருக்கும்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஆர்வம் வந்ததா, கொட்டாவி வந்ததா? கொட்டாவி என்றால் இந்தப் படிப்பு வேண்டாம். ஸ்ட்ரக்சுரல் பக்கம் போவதைப் பற்றி யோசியுங்கள், இல்லை சைட்டிலேயே வளருங்கள். தப்பே இல்லை. ஆர்வம் வந்தது என்றால் உங்களுக்கு நல்ல தொடக்கம் இருக்கிறது. பி.இ. முடித்து நேராக வந்து உட்காரும் பையனுக்கு ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர் என்பது பரீட்சைக்கு ஒரு இரண்டு மார்க் கேள்வி. நீங்கள் அது எழுதப்படாமல் கிடப்பதை நேரில் பார்த்தவர்.

எங்கே படிப்பது என்பதில் நான் கொஞ்சம் கறார். ஐஐடி மெட்ராஸ், என்ஐடி திருச்சி, கிண்டி பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் சீட் கிடைத்தால் வேலையை விடுங்கள். ஏதோ ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் வாங்கி, வகுப்புக்கே போகாமல் பட்டம் வாங்குவதற்காக இரண்டு வருடத்தை விடாதீர்கள். இன்டர்வியூவில் நான்காவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

வழி, முதுநிலைப் பொறியியலுக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வான கேட் தேர்வுதான். தேறிச் சேர்ந்தவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். அண்ணா பல்கலைக்கழகத்தில் அது நடத்தும் சீட்டா நுழைவுத் தேர்வு எழுதியும் சேரலாம், ஆனால் கேட் இல்லாமல் அந்த உதவித்தொகை வராது. சிவில் தாளில் பொதுத்திறனுக்கு 15, கணக்குக்கு 13 என்று 28 மதிப்பெண் சிவிலுக்கு வெளியே இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர் முதலில் பிடிக்க வேண்டியது அதைத்தான். எல் அண்ட் டி நிறுவனத்தின் பில்ட் இந்தியா உதவித்தொகையைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள், அது பி.இ. இறுதியாண்டு மாணவர்களுக்கானது, உங்களுக்குப் பொருந்தாது.

பிஎம்பி இதற்கு மாற்று அல்ல. கட்டுமானத்துக்கென்று வந்த சான்றிதழும் அல்ல, ஐ.டி. துறையினரும் அதே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். அதற்கு விண்ணப்பிக்கப் பட்டத்தோடு 36 மாதம் புராஜெக்டை வழிநடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். மேஸ்திரிகளை மேய்த்த கணக்கை அதில் எப்படி எழுதுவது என்பதே பெரிய வேலை. பின்னால் பார்த்துக்கொள்ளலாம். கல்ஃப் பக்கம் குவாண்டிட்டி சர்வேயிங் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதைவிட, பிரிட்டனின் ஆர்ஐசிஎஸ் அமைப்பு தரும் எம்ஆர்ஐசிஎஸ் தகுதிக்குத்தான் மதிப்பு.

அமெரிக்கா விஷயத்தில் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு முன்னால் பார்க்க வேண்டியது, படிப்பின் சிஐபி குறியீடு, அதாவது அது எந்தத் துறைப் படிப்பு என்று காட்டும் எண். மாணவர் விசாவில் படித்து முடித்தவர்கள் ஓபிடி என்ற அனுமதியில் 12 மாதம் அங்கே வேலை பார்க்கலாம்; ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பாக இருந்தால் மேலும் 24 மாதம். கட்டுமானப் பொறியியலின் 14.3301 அந்தப் பட்டியலில் இருக்கிறது. வணிகப் பிரிவின் கீழ், 52 என்று தொடங்கும் குறியீட்டில் கட்டுமான மேலாண்மையை நடத்தும் பல்கலைக்கழகங்களும் உண்டு. பெயர் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அந்தக் குறியீட்டுக்குக் கூடுதல் 24 மாதம் கிடைக்காது. கடன் வாங்கிப் போகிறவருக்கு அந்தக் கூடுதல் இரண்டு வருடச் சம்பளம்தான் கடனை அடைக்கும். பணம் கட்டுவதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, மாணவர் விசாவுக்காக அவர்கள் தரும் ஐ-20 படிவத்தில் எந்தக் குறியீடு வரும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் ஆபீஸ் பில்லிங் இன்ஜினியரோடு உட்கார்ந்து ஒரு ஆர்.ஏ. பில்லை (முடிந்த வேலைக்கு அவ்வப்போது போடும் பில்) அளவு எடுப்பதிலிருந்து கடைசி வரை நீங்களே போடுங்கள். பிரைமவேரா என்ற ஷெட்யூல் மென்பொருள் கிடைத்தால் இப்போது நடக்கும் பிளாக்கின் ஷெட்யூலைத் திறந்து, உங்கள் ஸ்லாபுகளுக்கு எத்தனை நாள் ஃப்ளோட் காட்டுகிறது என்று பாருங்கள்.

ஒரு விஷயம் கேட்காமலே சொல்கிறேன். கேட் பிப்ரவரியில் நடக்கும், வகுப்புகள் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும். நிரந்தர வேலையில், ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து ஐந்து ஆண்டு முடித்தால்தான் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கைக்கு வரும், நீங்கள் நான்கில் நிற்கிறீர்கள். சீட் உறுதியாகும்வரை ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது சேர்ந்த தேதியை நியமனக் கடிதத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள்.