மூளையில் தங்கும் கடோலினியம்: அடுத்த எம்ஆர்ஐயை வேண்டாம் என்று சொல்லலாமா?

கேள்வி: எனக்கு வயது 54, எடை 62 கிலோ. உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். 2012இல் சென்னையில் மெனிஞ்சியோமா என்னும் மூளை உறைக் கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். ஒரு சிறு பகுதியை எடுக்க முடியவில்லை என்றார்கள். முதலில் அங்கேயும் பிறகு சிங்கப்பூரிலுமாக இதுவரை 10 முறை கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்ஆர்ஐ எடுத்தாகிவிட்டது. கடைசி அறிக்கையில், "டென்டேட் நியூக்ளியஸ் பகுதியில் டி1 படத்தில் பிரகாசம் கூடியிருக்கிறது, முன்பு செலுத்திய கடோலினியம் காரணமாக இருக்கலாம்" என்று ஒரு வரி இருந்தது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் மறுபடியும் ஸ்கேன். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? உலோகத்தை வெளியேற்றும் கீலேஷன் சிகிச்சை எடுக்கலாமா? கைக்குழந்தை இருக்கும் என் மகளுக்கும் கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ எழுதித் தந்திருக்கிறார்கள். அவள் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

பதில்: ஸ்கேனை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கீலேஷன் பக்கம் போகவே போகாதீர்கள். ஆனால் இந்த முறை ஊசி தேவையா, தேவையென்றால் எந்த மருந்து என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு, கேட்டே ஆகவேண்டும்.

அறிக்கையில் உள்ள அந்த வரி உங்களைக் கலங்க வைத்திருக்கும். கடோலினியம் என்பது எம்ஆர்ஐ கான்ட்ராஸ்ட் ஊசி மருந்தில் உள்ள உலோகம். அது என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். டென்டேட் நியூக்ளியஸ் சிறுமூளைக்குள் இருக்கும் ஒரு நரம்பணுத் திரள். ஊசி போடுவதற்கு முன்பே எடுக்கும் டி1 என்ற எம்ஆர்ஐ பட வகையில் அந்த இடமும், மூளையின் நடுப்பகுதியில் உள்ள குளோபஸ் பாலிடஸும் வழக்கத்தைவிட வெளுத்துத் தெரிவதை ஜப்பானிய மருத்துவர்கள் 2014இல் வெளியிட்டார்கள். பலமுறை கடோலினியம் ஏற்றிக்கொண்டவர்களிடம்தான் அது தெரிந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் மேயோ கிளினிக், இறந்தவர்களின் மூளைத் திசுவைச் சோதித்து, அங்கே இருப்பது கடோலினியமே என்று உறுதிசெய்தது. அந்தச் சோதனையில் இருந்தவர்கள் குறைந்தது 4 முறை கடோடியாமைடு என்னும் மருந்தைப் பெற்றவர்கள். ஒரு கிராம் திசுவில் 0.1 முதல் 58.8 மைக்ரோகிராம் வரை இருந்தது. அவர்களுடைய சிறுநீரகங்கள் பெரிதாகக் கெட்டிருக்கவில்லை. ஆகவே தங்குகிறது என்பது உண்மை, அதை மறுப்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

தங்குவதால் கேடு விளைகிறதா என்பது வேறு கேள்வி. அந்த மூளைத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது நரம்பணுச் சிதைவு தென்படவில்லை. சிறுமூளையும் குளோபஸ் பாலிடஸும் உடல் அசைவைக் கட்டுப்படுத்துபவை என்பதால், நடுக்கம், விறைப்பு போன்ற பார்க்கின்சன் அறிகுறிகள் வருகின்றனவா என்று கனடாவின் ஒன்டாரியோவில் 66 வயதைத் தாண்டியவர்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2016இல் வெளிவந்த அதன் முடிவு: கடோலினியம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூளையில் தங்கிய கடோலினியத்தால் இன்ன நோய் வந்தது என்று இதுவரை நிறுவப்படவில்லை. நிறுவப்படவில்லை என்பதாலேயே கவலைக்கு இடமே இல்லை என்று ஆகிவிடாது. அதனால்தான் தேவையில்லாத ஊசியைத் தவிர்க்கச் சொல்கிறோம்.

இன்னொன்று. அந்தப் பிரகாசத்துக்கு எப்போதும் கடோலினியம்தான் காரணம் என்றில்லை. நாட்பட்ட கல்லீரல் நோயில் சேரும் மாங்கனீசு, சுண்ணாம்புப் படிவு, தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். மிச்சக் கட்டிக்காகக் கதிர்வீச்சு பெற்றிருந்தால் அதைக் கதிரியக்க மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

இனி மருந்து. தனித்த கடோலினியம் அயனி நச்சு. அளவில் கால்சியம் அயனியை ஒத்திருப்பதால் கால்சியம் போகும் வழிகளை அடைத்துவிடும். எனவே அதை ஒரு கரிமச் சேர்மத்தால் கவ்விப் பிடித்துத்தான் உடலில் செலுத்துகிறார்கள். கவ்வும் விதத்தில் இரண்டு வகை. நேர்ச்சங்கிலி வகையில் மூலக்கூறு, முனை திறந்த கயிறுபோல் உலோகத்தைச் சுற்றியிருக்கும். உடலில் உள்ள துத்தநாகம், செம்பு, இரும்பு ஆகியவை உலோகத்தின் இடத்தைப் பிடித்து அதை வெளியே தள்ளிவிடலாம். வளைய வகையில் உலோகம் நாற்புறமும் மூடிய வளையத்துக்குள் இருப்பதால் எளிதில் கழலாது. ஓம்னிஸ்கான் என்ற பெயரில் வரும் கடோடியாமைடு, மேக்னவிஸ்ட், மல்டிஹான்ஸ், பிரிமோவிஸ்ட் ஆகியவை நேர்ச்சங்கிலி வகை. கடோவிஸ்ட், டோட்டாரெம், புரோஹான்ஸ் ஆகியவை வளைய வகை.

2017இல் ஐரோப்பிய மருந்து முகமை, ரத்தக்குழாயில் செலுத்தும் ஓம்னிஸ்கானையும் மேக்னவிஸ்டையும் நிறுத்திவைத்தது. மல்டிஹான்ஸையும் பிரிமோவிஸ்டையும் கல்லீரல் ஸ்கேனுக்கு மட்டும் என்று சுருக்கியது. அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ எதையும் தடைசெய்யவில்லை. எல்லா வகைக்கும் எச்சரிக்கை சேர்த்து, நேர்ச்சங்கிலி வகை அதிகம் தங்குகிறது என்று தெளிவாகச் சொன்னது. வளைய வகை அறவே தங்காது என்றும் நினைக்க வேண்டாம். அதிலும் மிகச் சிறிதளவு திசுவில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் விலங்குச் சோதனைகளில் அது நாள்பட வெளியேறிவிடுகிறது. நேர்ச்சங்கிலி வகையில் கழன்ற உலோகத்தின் ஒரு பகுதியோ திசுவின் புரதம், பாஸ்பேட் போன்றவற்றோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கிறது. மூளையைவிட எலும்பில் அதிகம் தங்கும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

ஆகவே 10 என்ற எண்ணைவிட, அந்தப் பத்தில் எத்தனை எந்த மருந்து என்பதே உங்களுக்கு முக்கியம். பழைய அறிக்கைகளை எடுத்து, ஸ்கேன் எடுத்த முறையை விவரிக்கும் பகுதியைப் பாருங்கள். மருந்தின் பெயரும் மில்லிலிட்டர் அளவும் பெரும்பாலும் அங்கே இருக்கும். இல்லையென்றால் இங்குள்ள மருத்துவமனையின் மருத்துவப் பதிவுப் பிரிவிலோ கதிரியக்கப் பிரிவிலோ கேளுங்கள். சென்னை மருத்துவமனைக்கு நோயாளி எண்ணும் தேதியும் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். கிடைத்ததைத் தேதி, மருந்து, அளவு என்று ஒரே தாளில் எழுதி நரம்பியல் அறுவை மருத்துவரிடம் கொடுங்கள்.

அளவைப் பார்த்துப் பலர் தேவையில்லாமல் மிரள்கிறார்கள். பொது அளவு ஒரு கிலோ எடைக்கு 0.1 மில்லிமோல். உங்கள் 62 கிலோவுக்குக் கடோவிஸ்ட் 6.2 மில்லிலிட்டர், டோட்டாரெம் 12.4 மில்லிலிட்டர். டோட்டாரெம் பாதிச் செறிவில் வருவதால்தான் இரட்டிப்பாகத் தெரிகிறது. இரண்டிலும் கடோலினியம் ஒன்றேதான், ஏறக்குறைய 1 கிராம். சிறுநீரகம் சரியாக இருந்தால் அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் 24 மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். கடோபிக்லெனால் என்ற புதிய வளைய மருந்து பாதிக் கடோலினியத்திலேயே ஒத்த தரமான படம் தருகிறது. உங்கள் மருத்துவமனையில் அது உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்களாக "பாதி டோஸ் போடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். பொது மருந்தைப் பாதியாக்கினால் கட்டியின் விளிம்பு மங்கும். படம் தெளிவில்லை என்று முழு அளவில் மறுபடியும் எடுக்க நேர்ந்தால் ஒன்றுக்குப் பதில் ஒன்றரை டோஸ் உள்ளே போயிருக்கும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தாலும் இதே கதைதான்: ஒப்பிட முடியாமல் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். முடிந்தவரை ஒரே மருத்துவமனையில் எடுங்கள், அல்லது பழைய படங்களை வட்டில் கொண்டுபோங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "ஊசி போடாமல் எடுத்தால் எதைத் தவறவிடுவோம்?" உங்களைப் போன்றவர்களுக்கு இதன் பதில் கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. மிச்சம் ஓர் உருண்டையாக, டி2 என்ற மற்றொரு பட வகையில் விளிம்பு தெளிவாக, பல ஆண்டுகளாக வளராமல் இருந்தால், ஊசியில்லாமலே அளந்து கண்காணிப்பதும், ஸ்கேன்களுக்கு இடையே உள்ள காலத்தை நீட்டுவதும் பேசிப் பார்க்கக்கூடியவை. மிச்சம் மூளை உறையோரமாகத் தகடுபோல் படர்ந்தோ, பெரிய சிரைக்குழாயை ஒட்டியோ, கண் நரம்புக்கு அருகிலோ இருந்தால் ஊசியில்லாத படம் சிறு வளர்ச்சியைக் காட்டாமல் விட்டுவிடும். அப்படி நேர்ந்தால் இழப்பு பெரிது. புதிதாகத் தலைவலி, வலிப்பு, பார்வைக் குறைவு வந்திருந்தால் இந்த விவாதத்துக்கே இடமில்லை, ஊசியோடு எடுத்துவிடுங்கள்.

நீரிழிவு இருப்பதால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். பலதுறை மருந்தகத்தில் எடுத்த கடைசி ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் என்ற எண்ணைப் பாருங்கள். 30க்குக் கீழ் இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே தெரிவியுங்கள். அந்த நிலையில் நேர்ச்சங்கிலி மருந்துகள், தோலும் மூட்டுகளும் இறுகிப்போகும் நெஃப்ரோஜெனிக் சிஸ்டமிக் ஃபைப்ரோசிஸ் என்ற கொடிய நோயைத் தருவது 2006 முதல் அறியப்பட்டது. மூளைப் படிவைப் போலல்லாமல் இது நிரூபிக்கப்பட்ட கேடு. வளைய மருந்தில் இந்த ஆபத்து மிக மிகக் குறைவு. மெட்ஃபார்மினை எம்ஆர்ஐ ஊசிக்காக நிறுத்த வேண்டியதில்லை. அந்த அறிவுரை, சிறுநீரகம் மிகவும் குன்றியவர்களுக்குச் சிடி ஸ்கேனில் போடும் அயோடின் மருந்துக்கானது. இரண்டையும் "டை" என்றே சொல்வதால் வீட்டிலும் மருந்தகத்திலும் குழப்பம் வருகிறது.

கீலேஷன் விற்பவர்கள் முதலில் சிறுநீரில் கடோலினியம் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். கான்ட்ராஸ்ட் ஏற்றிக்கொண்ட எவருக்கும் பல மாதங்களுக்குப் பிறகுகூட அதில் எண் கூடித்தான் வரும். ஒப்பிடும் அளவு, கடோலினியமே செலுத்தப்படாதவர்களுடையது. பிறகு உலோகத்தைக் கவ்வும் மருந்துகளான ஈடிடிஏ அல்லது டிடிபிஏ ஏற்றுவார்கள், சிறுநீரில் எண் இன்னும் ஏறும், "பாருங்கள், வெளியேறுகிறது" என்பார்கள். மூளையில் படிந்தது வெளியேறியதற்கு அது சான்றல்ல. இம்மருந்துகள் மூளைக்குள் புகுவதே அரிது. உடலுக்கு வேண்டிய துத்தநாகத்தையும் கால்சியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தவறான வகை ஈடிடிஏ ஏற்றியதால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து அமெரிக்காவில் 2003க்கும் 2005க்கும் இடையில் மூவர் இறந்தார்கள், அவர்களில் இருவர் குழந்தைகள். கடோலினியம் படிவுக்கு ஒப்புதல் பெற்ற சிகிச்சை என்று எதுவும் இல்லை. மல்லி நீர், களிமண் மாத்திரை போன்றவற்றுக்கும் பணம் செலவிடாதீர்கள்.

ஊசிக்குப் பிறகு சில மணி நேரத்திலோ சில வாரங்களிலோ எலும்பு வலி, தோல் எரிச்சல், மனத்தெளிவின்மை வந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் கற்பனை செய்கிறார்கள் என்று ஒதுக்குவது தவறு. காரணம் இன்னும் உறுதியாகவில்லை என்பதே சரியான நிலை. உங்களுக்கு அப்படி ஏதும் வந்திருந்தால், தேதியோடு மருத்துவரிடம் சொல்லுங்கள். சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு மருந்தின் பாதகவிளைவாக அவர் தெரிவிக்கலாம்.

மகளைப் பொறுத்தவரை, தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. செலுத்திய அளவில் 0.04 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பாலில் வரும். அதிலும் குழந்தையின் குடல் உறிஞ்சுவது 1 விழுக்காட்டுக்குள்தான். மனம் ஒப்பவில்லையென்றால், ஸ்கேனுக்கு முன்பே பாலைப் பிழிந்து சேர்த்துவைத்து 24 மணி நேரம் அதைக் கொடுக்கலாம். மறுபடியும் கருவுற்றிருக்கக்கூடும் என்று சிறிதளவு ஐயம் இருந்தாலும் ஊசிக்கு முன் சொல்லச் சொல்லுங்கள். கருவுற்ற காலத்தில் கடோலினியம் சிசுவைச் சென்றடையும் என்பதால், வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் அதைப் போடுவார்கள்.