சோலாருக்கு பேட்டரி வைத்தால் போட்ட பணம் திரும்புமா?

சோலார் பேட்டரி என்பது பகலில் மிஞ்சும் மின்சாரத்தைப் பிடித்துவைத்து இரவில் தரும் பெட்டி. அது ஒரு யூனிட்கூட புதிதாகத் தயாரிக்காது. இரவில் ஒரு யூனிட் வாங்கும் விலைக்கும், பகலில் மிஞ்சியதை விற்றால் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் லாபம்.

குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வரும் வீட்டுக்குப் பெரிய தொட்டி எதற்கு? அதுபோல, கொடுத்த யூனிட்டை அப்படியே திருப்பித் தரும் நெட் மீட்டரிங் இருந்தால் கிரிட்டே (ஊருக்கெல்லாம் மின்சாரம் தரும் பொது மின்கம்பி வலை) உங்கள் தொட்டி. விற்கும் விலை அடிமட்டமாக இருக்கும் இடத்தில்தான் பேட்டரிக்கு வேலை.

சரி, கணக்குப் போடுவோம். 10 யூனிட் பேட்டரி தினமும் ஒருமுறை நிரம்பிக் காலியானால் 10 ஆண்டில் 36,500 யூனிட். இது காகிதக் கணக்கு. மேகமூட்டம், தேய்மானம், ஏற்றி இறக்குவதில் வீணாகும் சுமார் 10 சதவீதம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் 25,000 என்றே வைத்துக்கொள்வேன். பேட்டரி விலையை இந்த 25,000-ஆல் வகுங்கள். வரும் தொகை மேலே சொன்ன வித்தியாசத்தைவிடக் குறைவு என்றால் தாராளமாக வாங்கலாம். அடிக்கடி கரண்ட் போகும் வீடு என்றால் இந்தக் கணக்கே வேறு. அங்கே நிம்மதிக்கும் விலை உண்டு.

அப்புறம், கூரையில் பேனல் இருந்தாலே கரண்ட் போகும்போது விளக்கு எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக சாதாரண கிரிட் இன்வெர்ட்டர் (பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) அப்போது தானாகவே நின்றுவிடும், பேட்டரி வைத்தாலும் பேக்கப் வசதியுள்ள இன்வெர்ட்டர் தேவை.