டிஸ்க் நகல் தொடங்கியதுமே 100% காட்டுவது ஏன்?

தண்டையார்பேட்டை அலுவலகத்தில் பிளாக்காப்பி (ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியின் டிஸ்க்கை நகலெடுப்பது) தொடங்கிய மறுநொடியே உங்கள் ஸ்கிரிப்ட் 100% காட்டியது, பிவட் செய்ய (அந்த நகலுக்கு மாற)ப் போனால் பிழை என்கிறீர்கள். ‘முடிந்தது = மொத்தம்’ என்று மட்டும் அது பார்க்கிறது; அங்கேதான் வில்லங்கம். வேலை இன்னும் சூடுபிடிக்காத அந்தக் கணத்தில் க்யூஈமு (மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) ஆஃப்செட் (முடிந்தது) 0, லென் (மொத்தம்) 0 என்று தரலாம். 0-வும் 0-வும் சமம்தானே! (வகுத்துப் பார்த்திருந்தால் பூஜ்ஜியத்தால் வகுத்த பிழையாவது வந்து எச்சரித்திருக்கும்.) மிண்ட்டில் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே திருவொற்றியூர் வந்துவிட்டதாக இறங்குவது மாதிரி.

க்யூஈமுவை நிர்வகிக்கும் லிப்விர்ட்டின் புதிய பதிப்பு அந்த நேரத்தில் 0/1 (முடிந்தது/மொத்தம்) என்று மாற்றிச் சொல்லும். ரெடியான வெற்று டிஸ்க்குக்கு 1/1. பழைய பதிப்பா? மொத்தம் 0 என்றால் ‘இன்னும் தெரியாது’ என்று வைத்துக்கொண்டு சற்றுப் பொறுத்து மறுபடி கேளுங்கள். என்னைக் கேட்டால், சதவீதத்தையே நம்ப வேண்டாம். லிப்விர்ட் தரும் மெய்நிகர் கணினி விவரமான டொமைன் எக்ஸ்எம்எல்லின் மிரர் (நகல்) பகுதியில் ரெடி ‘யெஸ்’ ஆனபிறகு பிவட் செய்யுங்கள்.