கராஜ் பக்கம்: டிராக் எஞ்சினுக்கு ரொட்டும் பிஸ்டனும்

கிளிநொச்சியில் எஞ்சின் கட்டும் மெக்கானிக் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணை, என்னிடம் ஒரு ஹொண்டா சிவிக் இருக்கிறது. எஞ்சின் பி16ஏ. கால் மைல் டிராக் ஓட்டத்துக்கு, அதாவது நேர்கோட்டு வேகப் பந்தயத்துக்கு, அதைத் தயார் பண்ண ஆசை. டேர்போ பிறகு பார்க்கலாம், இப்போதைக்கு நிமிடத்துக்கு 9,500 சுற்று வரை போனால் போதும். ஃபோர்ஜ்ட் (அடித்து உருவாக்கிய) ரொட் முதலில் வாங்குவதா, பிஸ்டன் முதலில் வாங்குவதா? இரண்டுக்கும் ஒரேயடியாகக் காசில்லை.
— வாசகர், வவுனியா

பதில்: தம்பி, 9,500 சுற்று என்று நீங்கள் எழுதிய இடத்திலேயே பதில் இருக்கிறது. ரொட்தான் முதலில். பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல் தண்டோடு இணைக்கும் தண்டுதான் ரொட்.

குதிரைவலு கூடினால்தான் ரொட் உடையும் என்று பொடியள் பலர் நினைக்கிறார்கள். டேர்போ இல்லாத எஞ்சினில் ரொட்டின் எமன் சுற்றுத்தான். பிஸ்டன் உச்சிக்குப் போய் நின்று திரும்புகிறது அல்லவா, அந்த இடத்தில் அது மேலே பறந்துபோகத்தான் பார்க்கும். அதைப் பிடித்து இழுத்துக் கீழே கொண்டுவருவது ரொட். உங்கள் எஞ்சினின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 77.4 மி.மீ., ரொட் நீளம் 134 மி.மீ. சொச்சம். பிஸ்டன், பின், ரிங், ரொட்டின் சின்னத் தலை எல்லாம் சேர்ந்து 550 கிராம் என்று வையுங்கள். கம்பெனி விட்ட 8,200 சுற்றில் ரொட்டுக்கு வரும் இழுப்பு ஏறத்தாழ 2 தொன். 9,500 இல் அது 2¾ தொன். சுற்றைக் கூட்டியது 16 வீதம், இழுப்புக் கூடியது 34 வீதம். சுற்றின் வர்க்கக் கணக்கில் ஏறுவதால் வருகிற வினை இது.

வெடிப்பு நடக்கும் உச்சியில் வாயு மேலிருந்து அமுக்குவதால் இந்த இழுப்புக்கு ஒரு எதிர்ப்பு உண்டு. புகை வெளியேறி முடிந்து புதுக்காற்று வரத் தொடங்கும் உச்சியில் அமுக்க ஒன்றுமில்லை. முழுப் பாரமும் ரொட்டிலும் அதன் இரண்டு போல்ட்டிலும்தான். ஓட்டம் முடிந்து காலைத் தூக்கும்போது இன்னும் மோசம். காற்றை விடும் திரொட்டில் மூடிவிடும், சுற்று இறங்கியிருக்காது, சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடமும் பிஸ்டனை மேலே இழுக்கும். முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகு ரொட் புளொக்கைப் பிளந்துகொண்டு வந்த கதைகளைக் கேட்டிருப்பீர்கள். காரணம் இதுதான்.

ஆனால் ரொட்டை மட்டும் போட்டு எஞ்சினை மூடிவிட்டு, அடுத்த வருடம் பிஸ்டனுக்காகத் திரும்பத் திறக்காதீர்கள். கடைசல் கூலி, பாலன்ஸ் கூலி, கஸ்கெட், பெயரிங் எல்லாம் இரண்டாம் முறையும் போகும். ரொட்டை இப்போது வாங்கி ஒயில் பூசிப் பெட்டியில் வையுங்கள். பிஸ்டனுக்குக் காசு சேரும் வரை 8,200 ஐத் தாண்டாமல் ஓடுங்கள். பிஸ்டன் வாங்கும்போது எடையைக் கேட்டு வாங்குங்கள். 50 கிராம் குறைந்தால் 9,500 சுற்றில் கிட்டத்தட்ட 250 கிலோ இழுப்புக் குறையும். அதே காசுக் கணக்கில் வால்வ் ஸ்பிரிங்கையும் ஒயில் பம்பையும் சேருங்கள். ஸ்பிரிங் தளர்ந்து வால்வ் பிஸ்டனில் முட்டினால் எவ்வளவு நல்ல ரொட்டும் காப்பாற்றாது.

கேள்வி: அண்ணா, நான் உதிரிப்பாகக் கடையொன்றில் வேலை செய்கிறேன். குறுக்குவெட்டில் எச் வடிவ ரொட் நல்லதா, ஐ வடிவ ரொட் நல்லதா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?
— வாசகி, வவுனியா

பதில்: தங்கச்சி, வடிவத்தைப் பற்றிக் கதைக்க முதல் இரண்டு விசயத்தைக் காட்டச் சொல்லுங்கள். உருக்கு என்ன, போல்ட் என்ன? 4340 என்னும் நிக்கல் குரோம் மொலிப்டினம் உருக்கில் அடித்துச் செய்ததா, போல்ட் ஏஆர்பி 2000 தரமா? இந்த இரண்டும் சரியென்றால் 350, 400 குதிரைவலு வரைக்கும் எச் வடிவமே நிம்மதியாகப் போதும். டேர்போவில் பூஸ்டை (உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தை) நிறைய ஏற்றும்போது ரொட் இழுபடுவதை விட அமுக்குப்படுவது பெரிதாகிவிடும். 81 மி.மீ. பிஸ்டனில் 100 பார் அழுத்தம் ஏறினால் தலையில் 5 தொன்னுக்கு மேல் பாரம். அந்த இடத்தில் தடித்த, நன்றாக வடிவமைத்த ஐ ரொட் வளையாமல் நிற்கும். வடிவம் நல்லதாக இருந்து போல்ட் மலிவானதாக இருந்தால் அந்த ரொட்டை விற்காதீர்கள். ஒரு மனிதர் அதை நம்பிக் காலை அமுக்கப் போகிறார்.

கேள்வி: 4032 பிஸ்டன், 2618 பிஸ்டன் என்கிறார்கள். எனக்கு டேர்போ. எதைப் போட? பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் கிளியரன்ஸ் எவ்வளவு விட வேண்டும்?
— வாசகர், பரந்தன்

பதில்: இரண்டும் அலுமினியக் கலவை, இரண்டும் ஃபோர்ஜ்ட். 4032 இல் சிலிக்கன் 12 வீதமளவில் இருக்கிறது. அதனால் சூட்டில் குறைவாக விரியும், சிலிண்டரோடு நெருக்கமாகப் பொருத்தலாம், காலையில் சத்தம் போடாது. 2618 இல் சிலிக்கன் இல்லையென்றே சொல்லலாம். கூட விரியும், கெதியாகத் தேயும், குளிரில் தட்டும். ஆனால் அடி தாங்கும். நொக்கிங் (எரிபொருள் தன்பாட்டில் வெடித்து அடிப்பது) வந்தால் 4032 விரிசல் விட்டு உடையப் பார்க்கும், 2618 நசுங்கி நின்று உங்களுக்கு ஒரு தவணை தரும். டேர்போவுக்கும் நைட்ரஸுக்கும் என் கை 2618 க்குத்தான் போகும். தினமும் வேலைக்கு ஓடி, எப்போதாவது பந்தயத்துக்குப் போகும் டேர்போ இல்லாத காருக்கு 4032 போதும்.

நொக்கிங் என்ன செய்யும் என்று வன்னியில் வேலை பழகியவர்களுக்குப் புத்தகம் தேவையில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் உள்ளே வராத காலத்தில் இங்கே எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணிச் சூடானதும் மாற்றிவிடுவார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. அப்படி ஓடிய எஞ்சினைத் திறந்தால் பிஸ்டன் தலையின் ஓரம் அரித்துக் கிடக்கும், ரிங்குகளுக்கு இடையிலுள்ள வரம்பு உடைந்து துண்டாக வரும். பூஸ்ட் ஏற்றி 92 ஒக்டேன் பெற்றோலில் ஓடும் டேர்போவும் அதே வேலையைத்தான் செய்யும், சில விநாடிகளில். 95 அடியுங்கள், கொம்பிரஷன் விகிதத்தை 9 அளவில் வையுங்கள், டியூனை அவசரப்படாமல் செய்யுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளியோ, மினுங்கும் சின்ன அலுமினிய மணியோ தெரிந்தால் அன்றைக்கு அந்தக் காரை இனி ஓடாதீர்கள். அந்த மணி உங்கள் பிஸ்டனிலிருந்து வந்தது.

கிளியரன்ஸ்: பி16 இன் கம்பெனி பிஸ்டனுக்கு 0.04 மி.மீ. க்குள். 2618 க்கு டேர்போவில் 0.08 இலிருந்து 0.10 வரை போகும். பிஸ்டனோடு வரும் தாளில் எழுதியிருப்பதைத்தான் கடைசியில் பிடிக்க வேண்டும், பிஸ்டனின் எந்த இடத்தில் அளப்பது என்பதையும் அதில் சொல்லியிருப்பார்கள். பிஸ்டன் கைக்கு வரும் முன் சிலிண்டரைக் கடைசலுக்குக் கொடுக்க வேண்டாம்.

இதைவிட முக்கியம் ரிங் இடைவெளி, அதாவது ரிங்கின் இரண்டு நுனிக்கும் இடையிலுள்ள இடம். இதை ஆறுதலாகச் செய்யுங்கள். ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதால் ரிங்கை ஒரு அங்குலம் கீழே தள்ளினால் ரிங் நேராக உட்காரும். ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். டேர்போ இல்லாத 81 மி.மீ. எஞ்சினுக்கு மேல் ரிங்கில் 0.32 மி.மீ. போதும். டேர்போவுக்கு 0.45 அளவுக்குத் திறக்க வேண்டும். குறைந்தால் அரத்தை வெளியிலிருந்து உள்ளே ஒரே திசையில் மட்டும் இழுங்கள், இரண்டு நுனியும் சமாந்தரமாக நிற்கட்டும், பிசிறைக் கல்லால் எடுங்கள். இடைவெளி கூடிப்போனால் கொஞ்சம் புகைக்கும், கொஞ்சம் வலு போகும். குறைந்துபோனால் சூட்டில் இரண்டு நுனியும் முட்டி, ரிங் சிலிண்டரைக் கவ்வி, பிஸ்டனின் தலையையே பிய்த்துவிடும்.

கேள்வி: அமெரிக்க டொப் ஃபியூவல் டிராக் பந்தயக் கார்களில் அலுமினிய ரொட் போடுகிறார்களாம். உருக்கை விட அலுமினியம் மெலிந்ததுதானே, ஏன்?
— பாடசாலை மாணவன், முல்லைத்தீவு

பதில்: நல்ல கேள்வி தம்பி. அந்த எஞ்சின் 8.2 லீற்றர், எரிபொருள் நைட்ரோமீதேன், வலு 11,000 குதிரைக்கு மேல். அந்த அடியில் ரொட் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தால் கிராங்கும் பெயரிங்கும் பிழைக்கும். அலுமினியம் அதைச் செய்யும், பாரமும் குறைவு. விலை என்னவென்றால் அலுமினியம் கெதியில் களைத்துப்போகும், அதனால் சில ஓட்டங்களுக்கு ஒருமுறை ரொட்டை மாற்றுவார்கள். அந்தக் கார்கள் 2008 இலிருந்து 1,000 அடி தூரம்தான் ஓடுகின்றன, முழு எஞ்சினையும் ஓட்டத்துக்கு ஓட்டம் பிரித்துப் பார்க்கிறார்கள். சூட்டில் அலுமினியம் உருக்கை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையில் கூட இடம் விட வேண்டும். உருக்கு ரொட்டுக்கு 1 மி.மீ. விட்டால் அலுமினியத்துக்கு 1½ அளவு. நம் ஊர்க் கார்களுக்கு உருக்கே சரி.

கேள்வி: என்னுடைய மாசி பெர்கசன் 135 க்கும் ஃபோர்ஜ்ட் பிஸ்டன் போட்டால் நீண்ட நாள் உழைக்குமா?
— விவசாயி, ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம் ஐயா. உங்கள் பேர்கின்ஸ் எஞ்சினின் ஸ்ட்ரோக் 127 மி.மீ., ஓடுவது 2,250 சுற்று. பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 9½ மீற்றர். மேலே சொன்ன சிவிக்கில் 9,500 சுற்றில் அது 24 மீற்றரைத் தாண்டும். உங்களுக்கு வார்ப்புப் பிஸ்டன்தான் பொருத்தம். லைனரையும் பிஸ்டனையும் செட்டாக மாற்றுங்கள், மிச்சக் காசில் நல்ல எயார் ஃபில்டர் வாங்குங்கள். வன்னிப் புழுதிதான் அந்த எஞ்சினைத் தின்கிறது.

கேள்வி: எஞ்சின் கட்டி முடிந்ததும் ஏ9 வீதியில் மாங்குளம் பக்கம் இரவில் ஒரு இழுவை இழுத்துப் பார்க்கலாமா?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: கூடாது. இரவில் அந்த வீதியில் மாடு படுத்திருக்கும், விளக்கில்லாத பெட்டியோடு உழவு இயந்திரம் வரும், சைக்கிளில் வேலை முடிந்து ஆள் வரும். வலு அளக்கும் டைனோ மேடையில் டியூன் பண்ணுங்கள், அனுமதியோடு போட்டி நடக்கும் இடத்தில் ஓடுங்கள். இதில் வேறு பதில் என்னிடம் இல்லை.

கேள்வி: ரொட் போல்ட்டை டோர்க் ரெஞ்சால் இறுக்கினால் போதாதா? கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போடலாமா?
— மெக்கானிக், விசுவமடு

பதில்: டோர்க் ரெஞ்ச் காட்டும் முறுக்கு விசை உராய்வையும் சேர்த்துத்தான். ஒயில் பூசினால் ஒரு அளவு, கம்பெனி தரும் கிரீஸ் பூசினால் இன்னொரு அளவு, காய்ந்த போல்ட்டுக்கு வேறொரு அளவு. போல்ட் எவ்வளவு நீண்டது என்பதுதான் உண்மையான இறுக்கம். இறுக்க முதல் ஒவ்வொரு போல்ட்டின் நீளத்தையும் மைக்ரோமீட்டரால் அளந்து, எந்த ரொட், எந்தப் பக்கம் என்று கொப்பியில் எழுதுங்கள். பிறகு ஸ்ட்ரெச் கேஜைப் பூட்டி, தாளில் சொன்ன அளவு நீளும் வரை இறுக்குங்கள். பல போல்ட்டுகளுக்கு அது 0.13 இலிருந்து 0.15 மி.மீ. வரை.

கழற்றும்போது அதே போல்ட்டைத் திரும்ப அளந்து கொப்பியோடு ஒப்பிடுங்கள். முதல் நீளத்துக்கே திரும்பியிருந்தால் போடலாம். 0.025 மி.மீ. நீண்டு நின்றுவிட்டால் அது இழுபட்ட போல்ட், எறியுங்கள். கம்பெனி ரொட்டுக்குப் புது போல்ட் போட்டால் ரொட்டின் பெரிய வாயைத் திரும்ப ஹோன் பண்ண (கல்லால் தேய்த்து வட்டமாக்க) வேண்டும். போல்ட்டின் இறுக்கம் மாறினால் வாய் வட்டமாக நிற்காது. இதற்கு யாழ்ப்பாணமோ வவுனியாவோ போக வேண்டி வந்தாலும் போய்ச் செய்வியுங்கள்.