லான்ஸ்பெர்கன் வேலை இழந்தது கோப்பர்னிக்கஸாலா?

இல்லை. கோப்பர்னிக்கஸ் சொன்னபடி பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதியதற்காகத்தான் நெதர்லாந்தின் கூஸ் நகரத் திருச்சபைப் போதகர் பிலிப்ஸ் லான்ஸ்பெர்கனை நீக்கினார்களா என்று கேட்டிருந்தீர்கள். அவர் வேலை போனது 1613இல். நகர ஆட்சியாளர்களோடு ஏற்பட்ட மோதல்தான் காரணம். பூமியின் இயக்கம் பற்றிய டச்சு நூல் வந்ததோ 1629இல், அவர் மிடில்பர்க்கில் குடியேறிப் பல வருடம் கழித்து.

பூமி சுற்றுகிறது என்றதற்காக 1633இல் நடந்த கலிலியோ விசாரணையை இவர் கதையோடு சேர்த்துவிடுவதால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம். லான்ஸ்பெர்கன் 1632லேயே இறந்துவிட்டார்.

நீங்கள் படித்த கட்டுரையில் ஆண்டுகளை ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். முடிந்தால் லான்ஸ்பெர்கனின் அந்த 1629 நூலையும் புரட்டுங்கள். அருமையான இடம் ஒன்று இருக்கிறது: கோள்களுக்கு முதல் வானம், விண்மீன்களுக்கு இரண்டாவது, கடவுளின் அரியணைக்கு மூன்றாவது என்று பிரிக்கிறார். கோப்பர்னிக்கஸும் பைபிளும் அவருக்குள் சண்டை போடவே இல்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்ததே இதனால்தான்.

அதற்காக அவருடைய புராட்டஸ்டண்ட் திருச்சபையான டச்சுச் சீர்திருத்தச் சபை முழுக்கப் பூமியின் இயக்கத்தை ஏற்றது என்று எழுதிவிடாதீர்கள். உட்ரெக்ட் இறையியல் பேராசிரியர் வூட்டியஸ் கடுமையாக எதிர்த்தார். கத்தோலிக்கர் பக்கம், இன்றைய பெல்ஜியத்தின் லூவன் நகர அறிஞர் ஃப்ருவாமோன் 1631இலேயே லான்ஸ்பெர்கனை மறுத்து நூல் எழுதினார். அதற்கு லான்ஸ்பெர்கனின் மகன் யாகோப்தான் பதில் சொன்னார்.