திருகோணமலை நிலாவெளியில் வாடிக்கு முன்னால் இறங்கிய மணல்

வணக்கம். மார்கழியில் உங்கள் கரைவலை வாடிக்கு (கரையில் நின்று வலை இழுப்பவர்களின் கொட்டிலுக்கு) முன்னால் மூன்று அடி மணல் போய்விட்டது, கல் அடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இப்போது அடுக்காதீர்கள்.

வாடைக்காற்றுக் காலத்தில் வரும் குத்தான அலைகள் கரை மணலைச் சுரண்டிக் கடலுக்குள் இழுக்கின்றன. ஆனால் அது பெரும்பாலும் தொலைவுக்குப் போவதில்லை. அலை உடையும் இடத்துக்குப் பக்கத்திலேயே நீருக்கடியில் திட்டாகப் படிகிறது. வலை இழுப்பவர்களைக் கேளுங்கள், அந்தத் திட்டைக் காலால் அறிந்திருப்பார்கள். கடல் அமைதியானதும் நீண்ட, தணிந்த அலைகள் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் தள்ளும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

அலையின் அசைவு அதன் நீளத்தில், அதாவது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையான தூரத்தில், பாதி ஆழம் வரை எட்டும். 40 மீட்டர் நீள அலை என்றால் 20 மீட்டர் ஆழத்தில் அடிநிலத்தைத் தொடத் தொடங்கும். ஆழம் குறையக் குறைய அந்த அசைவு வலுக்கும். மணலைக் கிளப்புவது பெரும்பாலும் அலை, கிளம்பியதைத் தூக்கிச் செல்வது நீரோட்டம். அலை கரைக்குச் சாய்வாக வந்தால் கரையோரமாகவே மணல் நகரும். அந்த ஓட்டத்தை மறித்துக் கல் நீட்டினால் மறுபக்கத்து வாடிக்காரரின் கரை அரிக்கும். கரையோரமாக அடுக்கினாலோ, மோதித் திரும்பும் அலை கல்லின் அடியையே தோண்டும். கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை.

சரி, என்ன செய்யலாம்? ஒரு கம்பை ஆழமாக நட்டு, மாதம் ஒருமுறை மணல் மட்டத்தைக் குறியுங்கள். மேட்டில் இருக்கும் அடம்பன் கொடியைப் பிடுங்க விடாதீர்கள், காற்றில் பறக்கும் மணலை அதுதான் பிடித்து வைக்கிறது. ஆவணிக்குள் மட்டம் ஏறவில்லையென்றால் வாடியைப் பின்னால் நகர்த்துங்கள்.