‘பயம்’ கேட்கும் குழந்தை

கேள்வி: மூன்றரை வயது மகள் பழத்தைப் ‘பயம்’ என்கிறாள். நானும் ‘பயம் வேணுமா?’ என்றால் கோபித்துக்கொள்கிறாள். ஏன்?

பதில்: வித்தியாசம் அவள் காதுக்குத் தெரிகிறது, நாக்குதான் இன்னும் பழகவில்லை. 1960-இல் மொழி உளவியல் ஆய்வாளர்களான ஜீன் பெர்க்கோவும் ரோஜர் பிரவுனும் இதையே பதிவு செய்தார்கள். ‘ஃபிஷ்’ஷை ‘ஃபிஸ்’ என்று சொன்ன சிறுவன், பெரியவர் ‘ஃபிஸ்’ என்றதும் மறுத்தான். ‘ஃபிஷ்’ என்றதும்தான் ஒப்புக்கொண்டான். ழகரத்துக்கு நாக்கு நுனி மேல்நோக்கி வளைய வேண்டும், அண்ணத்தில் ஒட்டவும் கூடாது. சின்ன வாய்க்கு அது பெரிய வேலை! ‘சரியாச் சொல்லு’ என்று பேச்சை மறிக்காதீர்கள். அவளுடைய மழலையைத் திருப்பியும் சொல்லாதீர்கள். ‘பழமா? இந்தா, வாழைப்பழம்’ என்று இயல்பாகச் சொல்லிக் கையில் கொடுங்கள். இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையென்றால் காத்திருக்காமல் முதலில் செவித்திறனைப் பரிசோதிக்க வேண்டும்.